ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் (1992): சிடி வாங்குவதா, எல்பி எனும் வினைல் இசைத்தட்டா?

அமெரிக்க ராப்-ராக் குழு ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் முதல் ஆல்பம் இது. சிடியைப் போட்டவுடன் சத்தம் கம்மியாகத் தெரியும். சிடியில் கோளாறு ஏதும் இல்லை. எல்லா ஒலியையும் நசுக்கி ஒரே உயரத்துக்கு ஏற்றிவிடும் மாஸ்டரிங் (இறுதி ஒலிச் சீரமைப்பு) பழக்கம் 1992 நவம்பரில் இன்னும் முற்றியிருக்கவில்லை. வால்யூமைத் தாராளமாகத் திருகுங்கள். அடக்கி அடக்கி வைத்துக் கடைசியில் அவிழ்த்துவிடுவதில்தான் இந்த ஆல்பத்தின் கோபம் இருக்கிறது. மெல்லிய இடம் மெல்லியதாகவே கேட்டால்தான் அது பலிக்கும்.

'கில்லிங் இன் த நேம்' முடிவைக் கேளுங்கள். சொன்னபடி ஆடமாட்டேன் என்கிற, வசவு கலந்த ஒரே வரி 16 முறை வருகிறது. முணுமுணுப்பாகத் தொடங்கி, டிரம்ஸ் இறுக இறுக, அலறலாகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒலி அளவை 'லவுட்' என்று வைத்தால் உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் உள்ளே புகுந்து ஏற்றத்தாழ்வை மழுக்கிவிடும். மிஞ்சுவது வெறும் வசவு. 'நார்மல்' போதும்.

சீருடைக்காரர்களில் சிலரும் சிலுவை கொளுத்துகிற இனவெறியர்களும் ஒரே ஆட்கள்தான் என்று அந்தப் பாட்டு நேராகச் சொல்கிறது. 1991 மார்ச்சில் கறுப்பினத்தவரான ராட்னி கிங்கை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் அடித்த வீடியோவை ஊரே பார்த்தது. 1992 ஏப்ரலில் அந்த போலீஸாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததும் நகரம் எரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்த ஆல்பம் கடைக்கு வந்தது. அட்டையில் 1963இல் வியட்நாமின் சைகோனில் தீக்குளித்த புத்த பிக்கு திக் குவாங் டுக். படம் எடுத்தவர் மால்கம் பிரவுன்.

சாம்பிள், கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் இல்லை என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். டிஜே தட்டைச் சுரண்டுவது போலக் கேட்பதெல்லாம் குழுவின் கிதார் கலைஞர் டாம் மொரெல்லோவின் கிதார்தான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் ஒன்றின் வால்யூமை பூஜ்யத்தில் வைத்து, பிக்கப் மாற்றும் டாகிள் ஸ்விட்சை டக்டக்கென்று தட்டி ஒலியை வெட்டுகிறார். சுருதியை மேலே இழுப்பது காலால் மிதிக்கும் வாமி பெடல். வீட்டில் முயல்பவர்கள் கவனிக்க: இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் உள்ள கிதார் வேண்டும். ஒரே வால்யூம் உள்ள சாதாரண ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் இது நடக்காது.

பேஸ் கிதாரின் தடித்த கம்பியை 'டி' சுரத்துக்கு இறக்கியிருக்கும் பாட்டுகளில் அடிச்சுரம் சுமார் 37 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரில் பாதிப் பாட்டு காணாமல் போகும். சுமாரான ஹெட்போன்கூட மேல்.

எல்பி? அட்டையைப் பெரிதாகப் பார்க்கலாம். ஆனால் கிட்டத்தட்ட 53 நிமிடத்தை ஒரே தட்டில் அடைத்திருக்கிறார்கள். இரண்டாம் பக்கம் மட்டும் சுமார் 28. ஊசி ஓடும் பள்ளத்தை நெருக்கி வெட்டினால் ஒலி மட்டம் இறங்கும். மையத்தை நெருங்கும்போது கரகரப்பும் கூடும். 'புல்லட் இன் த ஹெட்', 'ஃப்ரீடம்' இரண்டும் உச்சத்தில் வெடிப்பது சரியாக அந்த உள்வட்டத்தில்! பாட்டு வரிசை அப்படி. யாரைக் குறை சொல்ல?

குறையும் உண்டு: 'ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் ஸ்டீல்', 'டவுன்ஷிப் ரெபெல்லியன்' அடுத்தடுத்து வரும்போது அலுப்புத் தட்டும். அதற்கு முன் வரும் 'வேக் அப்', கறுப்பினத் தலைவர்களை எஃப்பிஐ வேட்டையாடியதை அந்த அலுவலகத்தின் குறிப்பையே வாசித்துக் காட்டுகிறது, அதைத் தாண்டிவிடாதீர்கள். இத்தனை கோபத்தையும் விற்றது பெருநிறுவனமான சோனியின் எபிக் லேபிள் என்பது பழைய கிண்டல். 2009 கிறிஸ்துமஸில் டிவி போட்டி வெற்றியாளரை முந்தி 'கில்லிங் இன் த நேம்' பாட்டை ரசிகர்கள் பிரிட்டனில் முதலிடத்தில் ஏற்றினார்கள். தோற்ற பாட்டும் சோனியுடையதுதான்.

சிடியே வாங்குங்கள், பழையது கிடைத்தாலும் போதும். எல்பிதான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் கூம்பு முனை ஊசியை மாற்றி எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி போட்டுக்கொள்ளுங்கள், கரகரப்பு ஓரளவு அடங்கும்.