சிம்கோ ஏரியில் வருடம் முழுக்கப் பைக் மீன்பிடிப்பு: எந்தச் சாமான் உழைக்கிறது, எது காலை வாருகிறது

டொராண்டோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரியின் தென்கோடியில் இருப்பது குக்ஸ் விரிகுடா. ஆழம் குறைவு, நீர்ப்பூண்டு அடர்த்தி. நார்தர்ன் பைக் என்ற கூர்பல் வேட்டை மீன் பதுங்கி நின்று பாய்வதற்குத் தோதான இடம். ஒரே தூண்டில் சாமான்களை அங்கே எல்லாப் பருவத்திலும் புழங்கியதில் எங்களுக்குத் தெளிவானது இதுதான்: காசைக் கோலில் கொட்டாதீர்கள், லீடரிலும் (மீனின் பல் நூலை அறுக்காதபடி நூல் முனையில் கட்டும் உறுதியான துண்டு) கொக்கி கழற்றும் கருவிகளிலும் போடுங்கள்.

7 அடி மீடியம்-ஹெவி கோல், 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 40 பவுண்டு பலமுள்ள பிரெய்ட் (பின்னல்) நூல். நடுத்தர விலையில் வாங்கினாலே போதும். பிரெய்ட் நீளாது; அதனால் டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நூல் விடும் அளவு) இறுக்கமாக இருந்தால், படகருகே மீன் தலையை உதறும்போது கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். 2 முதல் 3 கிலோ இழுப்பில் நூல் விடும்படி வையுங்கள். நுனிப் பக்கம் பஞ்சு பறக்க ஆரம்பித்தால், அந்தச் சில மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முடிச்சுப் போடுங்கள். பாலோமர் முடிச்சு நழுவுவதில்லை.

லீடர் இல்லாமல் பைக்குக்கு வீசுவது ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் பொய்யிரை) தானம் கொடுப்பது. பல இழை எஃகு லீடர் மலிவு. ஆனால் ஒரு பெரிய மீனுக்குப் பிறகு சுருண்டு மடங்கும். மடங்கிய இடத்தில்தான் அடுத்த முறை அறும், நிமிர்த்திப் பயனில்லை. ஒற்றை இழை டைட்டானியம் வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், நெடுநாள் வரும். அதன் ஒரே கெட்ட குணம், எச்சரிக்கை காட்டாமல் முறிவது. பருவத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள். ஃபுளோரோகார்பன் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் நூல்) லீடர் என்றால் 80 பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் வருடிப் பாருங்கள், சொரசொரத்தால் புதிது கட்டுங்கள். மூன்றிலுமே முதலில் தோற்பது இரையை மாட்டும் மலிவான ஸ்னாப் கொளுவிதான்.

ஸ்பூன்களில் லென் தாம்ஸனின் மஞ்சள்-சிவப்பும், டார்டெவிலின் சிவப்பு-வெள்ளையும் பெயின்ட் உரிந்த பிறகும் மீன் பிடிக்கின்றன. மூன்று முனைக் கொக்கியைக் கழற்றிப் பெரிய ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள். சில கடிகள் தவறும், ஆனால் பூண்டில் மாட்டுவது குறையும், கழற்றுவதும் சுலபம். மென்ரப்பர் பொய்மீன்கள் ஒன்றிரண்டு கடியில் வாலை இழக்கின்றன, செலவுதான் மிச்சம்.

பனி உருகும் சமயத்திலேயே பைக் ஆழமற்ற பூண்டுக்குள் முட்டையிடுகிறது. எந்த மாதம் தடை என்பது மண்டலத்துக்கு மண்டலம் மாறும், ஒன்டாரியோ மாகாணத்தின் அவ்வருட விதிகளைப் பாருங்கள். முட்டையிட்ட மீன் சோர்ந்திருக்கும். 1–2 மீட்டர் ஆழத்தில் மிதவாமல் மூழ்காமல் நிற்கும் ஜெர்க்பைட்டை (வெட்டி வெட்டி இழுக்கும் மீன் வடிவப் பொய்யிரை) இழுத்து, 5 வினாடி நிறுத்தி, மறுபடி இழுங்கள். கோடையில் பெரியவை பூண்டின் வெளிவிளிம்புக்கு, குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். நீர் 22 செல்சியஸைத் தாண்டினால் பைக் பிடிப்பதையே நிறுத்திவிடுங்கள். பிடித்த மீனைத் திருப்பி நீந்தவிட்டாலும் பிழைப்பது சந்தேகம். இலையுதிர் காலம்தான் உச்சம்: இன்னும் பச்சையாக இருக்கும் பூண்டைத் தேடி, 20 செ.மீ. இரையை வீசுங்கள்.

குளிர்காலத்தில் பிரெய்ட் துரோகம் செய்யும். ஈரம் குடித்து வளையங்களில் உறைந்துவிடும். பனித்துளைக் கோலுக்கு மோனோ (ஒற்றை இழை நைலான்) நூலே மேல். கொடி தூக்கும் டிப்-அப்பில் செத்த இரையைப் பூண்டுக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். கொடி எழுந்ததும் காத்திருந்தால் மீன் கொக்கியை விழுங்கிவிடும், உடனே இழுங்கள். நடக்கக் குறைந்தது 15 செ.மீ. தெளிந்த நீலப் பனி வேண்டும்; வெள்ளைப் பனிக்குப் பாதி பலம்தான். வாங்கிய இரைமீனின் ரசீதைப் பையில் வையுங்கள், அதை இரை மேலாண்மை மண்டலம் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது.

கழற்றும் கருவிகள்: 28 செ.மீ. நீள்மூக்குப் ப்ளையர், கொக்கியையே துண்டிக்கும் கட்டர், ரப்பர் பூசிய வலை. வாய்விரிப்பான் வாங்கினால் முனைகளில் டேப் சுற்றுங்கள், இல்லையேல் தாடையைத் துளைக்கும். விரல் செவுள்மூடிக்குள் நுழையலாம், சிவந்த செவுளைத் தொடக் கூடாது. உண்ண எடுப்பதானால் சிறியதே நல்லது: பெரிய மீனில் பாதரசம் கூடுதல். ஏரி வாரியாக, நீள வாரியாக எவ்வளவு உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசு வழிகாட்டி தருகிறது.