சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு அடகு கடை, அப்படியே காசைப் பத்தியும் கொஞ்சம்

கடை பேரு போட மாட்டேன். சிராங்கூன் ரோட்டுலேர்ந்து உள்ள திரும்பினா அடகு கடைங்க இருக்குல்ல, அதுல ஒண்ணு. அடகு கடைக்கெல்லாமா ரிவ்யூன்னு சிரிக்காதீங்க, புரோட்டா கடைக்கு பக்கம் பக்கமா எழுதுறோம், இதுக்கும் எழுதலாம் தப்பில்ல. போறவங்க நிறைய பேரு, போனேன்னு சொல்றவங்கதான் இல்ல.

எனக்கு அவசரமா 2,000 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர், வேண்டியிருந்துச்சு. எதுக்குன்னு இங்க எழுதல, கவுன்டர்ல இருந்த சீன அங்கிளே கேக்கல, உங்களுக்கு மட்டும் என்னவாம். இந்த கடையில எனக்கு ரொம்ப பிடிச்சதே அதுதான். சொந்தத்துல கேட்டிருந்தா வட்டியே இல்லாம கிடைச்சிருக்கும், ஆனா எங்க பெரியம்மா "ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, இன்னுமா பத்தல"ன்னு ஆரம்பிச்சு, கடனை அடைச்ச பிறகும் அடுத்த தீபாவளிக்கு புதுப்புடவை கட்டிட்டுப் போனா அந்த புடவைய ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, அதுக்கு மாசம் ஒன்றரை சதவீதம் எவ்வளவோ மேல்.

பணம் மனுஷனை கெடுக்குதா வாழவைக்குதான்னு வருஷா வருஷம் யாராவது பட்டிமன்றம் போடுறாங்க, கெடுக்குதுன்னு பேசுற அணிக்குத்தான் கைத்தட்டல் அதிகம். கைத்தட்டுறவங்க யாரும் அவசரத்துக்கு ஒருத்தர் வாசல்ல போய் நின்னதில்ல போல. காசுக்கு வாய் கிடையாது, நாளைக்கு இதைச் சொல்லிக் காட்டாது. எனக்கு அது பெரிய உபகாரம்.

சரி கடைக்கு வரேன். உள்ள தடுப்பு வச்சு தனித்தனியா இருக்கு, பக்கத்துல நிக்கிறவங்க என்ன கழட்டி வைக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாது. என் வளையல் ரெண்டையும் வாங்கி கண்ணாடி வச்சு முத்திரைய பார்த்தாரு, கல்லுல லேசா ஒரு தேய் தேய்ச்சு சொட்டு மருந்து விட்டாரு, அப்புறம் தராசுல வச்சு நம்பர் தெரியிற பக்கத்தை என் பக்கமா திருப்புனாரு. அந்த திருப்புறது இருக்கே, அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம். 916 தான்னு தெரிஞ்சதும் கால்குலேட்டர்ல தொகையைக் காட்டுனாரு, இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்க அங்கிள்னு கேட்டேன், வேண்டாம் லா வட்டி ஏறும்னாரு. கடன் குடுக்குறவரே கம்மியா வாங்குன்னு சொல்றாரு!

கணக்கு இதான். அடகு கடைக்கு சட்டப்படி மாசத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல வட்டி போட முடியாது, மீட்க ஆறு மாசம் டைம். இங்க முதல் மாசம் 1 சதவீதம்தான். 2,000-க்கு முதல் மாசம் 20 வெள்ளி, அப்புறம் மாசம் 30 வெள்ளி. லைசென்ஸ் வச்ச கடன் கம்பெனிக்குப் போனா மாசம் 4 சதவீதம் வரைக்கும் வாங்கலாம், அது 80 வெள்ளி, அதுபோக ஆரம்பத்துலயே 10 சதவீதம் வரைக்கும் கட்டணம் பிடிக்கலாம். ஆலோங், அதான் லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுறவங்க, அவங்க பக்கம் மட்டும் தலைவச்சுக்கூட படுக்காதீங்க, கடன் வாங்குனது ஒருத்தர், அவங்க வந்து ஊத்துற பெயிண்டை செவுத்துல வாங்குறது அந்த புளோக்கே.

ஐசி, அதான் அடையாள அட்டை, கேட்டாங்க, சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு ஓக்கே. கேள்வி கேக்காத காசு என்னைய மாதிரி ஆளுக்கு நிம்மதின்னா திருட்டுப் பயலுக்கு அதைவிட நிம்மதி, அதுக்குத்தானே 2021-லேர்ந்து 1,000 வெள்ளி நோட்டை நாணய ஆணையம் புதுசா வெளியிடுறதை நிறுத்துனாங்க. எதுக்குன்னு கேக்காம யாருன்னு மட்டும் கேக்குறது நியாயமாத்தான் படுது.

வட்டிக்குக் குடுக்குறது நம்மாளுக்குப் புதுசும் இல்ல. மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியாருங்க கிட்டங்கி (அவங்க வட்டிக்கடைங்க இருந்த கட்டடம்) போட்டு பெட்டியடியில (பணப்பெட்டி வச்ச இடம்) உக்காந்து குடுத்து வாங்குனதுதானே, அவங்கதான் 1859-ல டேங்க் ரோடு முருகன் கோயிலைக் கட்டுனாங்க. தைப்பூசத்துக்கு காவடி போய்ச் சேர்றது அங்கதான், யாரும் இது வட்டிக்காசுன்னு வாசல்லயே நிக்கிறதில்ல.

குறைன்னு பார்த்தா, கல்லு வச்ச நகைக்கு கல்லுக்கு ஒண்ணும் கிடையாது, தங்கத்துக்கு மட்டும்தான், அதுவும் வித்தா வர்ற விலையவிட கம்மிதான் தருவாங்க. சனி ஞாயிறு கூட்டம் தாங்காது, உக்கார ரெண்டே நாற்காலி. இன்னொண்ணு, முன்பக்க ஷோகேஸ்ல மீட்காத நகையெல்லாம் விலை போட்டு வச்சிருக்காங்க, குழந்தை காப்பு கூட இருக்கு, அதைத் தாண்டித்தான் கவுன்டருக்குப் போகணும். அவங்க வியாபாரம் அது, ஆனா அடகு வைக்க வர்றவ கண்ணுல படுற மாதிரியா வைக்கணும், பக்கவாட்டுல தள்ளி வச்சா என்ன குறைஞ்சா போகும்.

நாலு ஸ்டார். போறவங்க அடகுச் சீட்டுல தேதியைப் பார்த்து போன்ல அலாரம் போட்டு வைங்க, ஆறு மாசத்துல முழுசா கட்ட முடியலன்னா வட்டிய மட்டும் கட்டி புதுசா சீட்டு போட்டுக்கலாம், வேலை நாள்ல காலையில போனா கூட்டம் இருக்காது.