அல்சூர் நாட்டிய உடைத் தையல் வகுப்பு: விசிறிக்கு முழு மதிப்பெண், தொழிலுக்குப் பாதி

பெங்களூரு அல்சூரில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வகுப்பு. பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று மணி நேரம், 9,000 ரூபாய். துணி நம் செலவு. பாடம் தமிழும் கன்னடமும் கலந்து நடக்கும். லைனிங் வைத்து ரவிக்கை தைக்கத் தெரிந்திருந்தால் மட்டும் சேரலாம்.

கொடுக்கும் காசு அளவெடுக்கும் பாடத்திலேயே வசூலாகிவிடுகிறது. பரதநாட்டிய பைஜாமாவுக்கு நின்றபடி ஒரு அளவு, அரைமண்டியில் (முழங்காலை வெளிப்புறம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) ஒரு அளவு எடுக்கச் சொல்கிறார்கள். நின்ற அளவை மட்டும் நம்பி வெட்டினால், உட்காரும்போது இடுப்புப் பட்டை பின்னால் இறங்கும், கணுக்கால் விளிம்பு மேலே ஏறும், கடைசியில் இருக்கைத் தையல் விடும். பழி நூல்மேல் விழும், குற்றம் வெட்டில். இருக்கை உயரத்தில் (இடுப்பிலிருந்து தொடை பிரியும் இடம் வரை) 2 அங்குலம் கூட்டி, தொடைகளுக்கு நடுவே 4 அங்குலச் சதுரத் துண்டைச் சாய்த்து வைத்தால் தீர்ந்தது. காடாத் துணியில் தைத்து, உட்கார்ந்து பார்த்த பிறகே பட்டில் கத்திரி.

அடுத்தது விசிறி, அதாவது உடையின் முன்னால் கால்களுக்கு நடுவே விரியும் மடிப்புத் துணி. மேலே தெரியும் மடிப்பு 1 அங்குலம் என்றால் துணி 3 அங்குலம் போகும். 20 மடிப்புக்கு 60 அங்குலம், தையல் விளிம்பு தனி. இதை மறந்து 40 அங்குலத்தில் வெட்டுபவர்கள்தான் அதிகம். விரிந்த விசிறி முழங்காலுக்கு முழங்கால் அளவைவிடக் குறைந்தால், காலுக்குத் தளை போட்ட மாதிரிதான். சேலைக் கரை விசிறியின் அடியில் வரும்படி வெட்ட வேண்டும். மடிப்பை நூலோட்டி நிறுத்தி, மேலே ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள். பாலியஸ்டர் ஜரிகையானால் சூட்டைக் குறைக்கணும். இல்லாவிட்டால் கரை சுருங்கி மடிப்பு வளையும். வாங்கியது பட்டுதானா என்று பார்க்க இரண்டு இழை எரித்தால் போதும்: பட்டு முடி கருகும் வாசனையோடு பொடியாகும், பாலியஸ்டர் உருகி முத்தாகத் திரளும்.

லைனிங்கை வெட்டுமுன் நனைத்து உலர்த்தும் பாடத்தை அவசரமாக முடிக்கிறார்கள். நாட்டிய உடை வியர்வையில் ஊறும் சமாச்சாரம். சிவப்பு லைனிங் சாயம் விடுமா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதைச் சொல்லித்தரவே இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

வீட்டில் வகுப்பு எடுக்க நினைப்பவர்களுக்குக் கடைசி இரண்டு வாரம் பெரிய லாபம். விசிறியை ஐந்து நிலைகளில் பாதிப் பாதியாகத் தைத்து அட்டையில் குத்தி வைக்கச் சொல்கிறார்கள். பத்துப் பேருக்குத் திரும்பத் திரும்ப வாயால் விளக்கும் வேலை மிச்சம்.

நாடகம், சினிமா உடை வடிவமைப்புக்கு இது போதாது. கதையைக் காட்சிவாரியாகப் பிரித்து யாருக்கு எத்தனை உடை என்று பட்டியல் போடுவது, ஒரு நிமிடத்தில் உடை மாற்ற எங்கே கொக்கி, எங்கே வெல்க்ரோ (அது பட்டுத் துணியை இழுத்துக் கெடுக்கும், மேடையில் சத்தமும் போடும்), கூலி எப்படிக் கேட்பது: எதுவும் பாடத்தில் இல்லை. அதற்கு ஒரு நாடகக் குழுவில் உதவியாளாக நுழைவதே மேல்.

துணிக்குச் சிக்பேட்டை. அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை வழிக்கு மாறலாம். பத்துப் பேருக்கு ஓவர்லாக் மெஷின் ஒன்றே ஒன்று. முடிகிற நேரத்தில் வரிசை நிற்கும், பட்டு ஓரமோ அதற்குள் பிரிய ஆரம்பிக்கும். வெட்டியதும் ஓரத்தில் ஒரு வரி தையல் ஓட்டிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.