பிளாஸ்மா 6-இல் விட்ஜெட்: வைப்பது சுலபம், எங்கே வைத்தோம் என்பதுதான் பாடு

முந்திரிப் பருப்பில் தொடங்குவோம். 2008 ஜனவரியில், லினக்ஸ் கணினிகளுக்கான டெஸ்க்டாப் சூழலான கேடிஇயின் 4.0 பதிப்பு வெளிவந்தபோது திரையின் வலது மேல் மூலையில் வளைந்த பொத்தான் ஒன்று உட்கார்ந்திருந்தது. விட்ஜெட் சேர்ப்பது, பூட்டுவது எல்லாம் அதற்குள். வடிவத்தைப் பார்த்துப் பயனர்கள் அதற்கு 'கேஷ்யூ', அதாவது முந்திரி, என்று பெயர் வைத்தார்கள். அதை எப்படி நீக்குவது என்பதே அன்று ஓயாத கேள்வி. அந்தப் பருப்பிலிருந்து, கேடிஇயின் டெஸ்க்டாப்பான இன்றைய பிளாஸ்மா 6 வரை, டெஸ்க்டாப்பில் ஒரு கடிகாரத்தையோ வானிலைப் பெட்டியையோ வைக்கும் வழி பலமுறை மாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. இந்த மதிப்புரை அந்த வழியைப் பற்றி மட்டும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேர்ப்பதற்கு நல்ல மதிப்பெண், நிர்வகிப்பதற்குப் பாதிதான்.

பழைய முறையில் பூட்டு ஒன்று இருந்தது. ரைட் கிளிக் செய்து 'விட்ஜெட்டுகளைப் பூட்டு' என்றால் எதுவும் அசையாது. சரிதான், ஆனால் பூட்டியிருக்கும்போது 'விட்ஜெட் சேர்' என்ற வரியே மெனுவிலிருந்து மறைந்துவிடும். பூட்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாத புதியவர், மெனுவில் இல்லாததைத் தேடிக்கொண்டிருப்பார். திறந்தே வைத்திருந்தாலோ, பேனலில் (திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டையில்) கை பட்டால் ஏதாவது இடம் மாறிவிடும். 2020 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 5.18 பதிப்பு அந்தப் பூட்டையும் மூலைப் பொத்தானையும் சேர்த்தே எடுத்துவிட்டு, 'எடிட் மோடு' என்ற ஒரே நிலையைக் கொண்டுவந்தது. எடிட் மோடுக்குள் போனால் எல்லாம் அசையும், வெளியே வந்தால் நிற்கும். 2024 ஜூனில் வந்த 6.1 அதற்கு ஒரு கண்கூடான உருவம் கொடுத்தது: எடிட் மோடுக்குள் நுழைந்ததும் டெஸ்க்டாப் முழுவதும் சற்றே சுருங்கிப் பின்வாங்குகிறது, கருவிப் பொத்தான்கள் அதற்கு வெளியே வரிசையாக நிற்கின்றன. அசைவுக்காகச் சேர்த்த அலங்காரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. எந்த நிலையில் இருக்கிறோம் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. பூட்டு இருந்த காலத்தில் தெரியாமல் இருந்தது அதுதான்.

சேர்க்கும் முறை இப்படி. டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து விட்ஜெட் வரியைத் தேர்ந்தால் இடப்பக்கம் பட்டியல் திறக்கும். விசைப்பலகையில் என்றால் ஆல்ட்டும் டியும் சேர்த்து அழுத்தி, விட்டு, பிறகு ஏ. எடிட் மோடுக்கு அதே ஆல்ட்-டி, பிறகு இ. ஏதாவது ஜன்னல் முன்னால் இருக்கும்போது அழுத்தினால் அந்த விசைகள் அந்த ஜன்னலுக்குத்தான் போகும், உலாவியாக இருந்தால் முகவரிப் பட்டை தேர்வாகிவிடும். முதலில் மெட்டா-டி (மெட்டா என்பது விண்டோஸ் சின்னம் உள்ள விசை) அழுத்தி டெஸ்க்டாப்பை வெளியே கொண்டுவாருங்கள். பட்டியல் திறந்ததும் பெயரைத் தட்டித் தேடி, இழுத்து விரும்பிய இடத்தில் விடலாம். இருமுறை கிளிக் செய்தாலும் சேரும், ஆனால் இடத்தைப் பிளாஸ்மாவே தேர்ந்தெடுக்கும். ஒரு நுணுக்கம்: பேனலின் மேல் ரைட் கிளிக் செய்து பட்டியலைத் திறந்திருந்தால் இருமுறை கிளிக் செய்த விட்ஜெட் பேனலில் போய் உட்காரும், டெஸ்க்டாப்பில் அல்ல. 'சேர்த்தேன், காணவில்லை' என்பவர்கள் முதலில் பேனலின் ஓரத்தைப் பார்க்கட்டும்.

வைத்தபின் அளவு மாற்ற எடிட் மோடு கட்டாயமில்லை. விட்ஜெட்டின் மேல் சுட்டியை அழுத்திப் பிடித்தால் அதன் கைப்பிடி வெளியே வரும்: அமைப்புகள், சுழற்றல், நீக்கல், சிலவற்றுக்குப் பின்னணியை மறைக்கும் பொத்தான். நல்ல குறுக்குவழி, ஆனால் இப்படி ஒன்று இருப்பதாகத் திரையில் எங்கும் குறிப்பு இல்லை.

பேனலில் கடிகாரத்தை நட்ட நடுவில் வைப்பது நிறையப் பேர் தடுமாறும் வேலை. எடிட் மோடில் பேனல் அமைப்பைத் திறந்து 'ஸ்பேசர்' எனும் வெற்றிட விட்ஜெட் இரண்டு சேர்க்க வேண்டும். ஒன்றைக் கடிகாரத்தின் இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் இழுத்து விடுங்கள். இரண்டிலும் நெகிழும் அளவு இயக்கத்தில் இருந்தால் இடையில் உள்ளதை அவை நடுவுக்குத் தள்ளும். தள்ளவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும், திறந்திருக்கும் ஜன்னல்களைப் பேனலில் வரிசையாகக் காட்டும் டாஸ்க் மேனேஜர்தான்: பேனலில் மிச்சமிருக்கும் இடத்தையெல்லாம் அது விரித்து எடுத்துக்கொண்டு ஸ்பேசருக்கு ஒன்றும் வைக்காது. அதன் அமைப்பில் காலி இடத்தை நிரப்பும் தேர்வை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இந்த விட்ஜெட்டுகளின் மீது ரைட் கிளிக் செய்தால் 'மாற்றுகள்' என்ற வரியும் வரும். செயலி மெனுவின் மூன்று வடிவங்களுக்கு இடையே, எதையும் நீக்காமல், இருந்த இடத்திலேயே மாறிக்கொள்ளலாம். மற்ற டெஸ்க்டாப்புகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய அம்சம்.

இனி குறைகள். பட்டியலில் ஒவ்வொரு விட்ஜெட்டின் படத்தருகிலும், அது எத்தனை இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எண் தெரியும். இரண்டு என்று காட்டினால், அந்த இரண்டும் எங்கே? அதைப் பட்டியல் சொல்லாது. அண்மைப் பதிப்புகளில் மெனு வரியே 'சேர் அல்லது நிர்வகி' என்று பெயர் மாறி, ஒரு விட்ஜெட்டின் எல்லாப் பிரதிகளையும் ஒரேயடியாக நீக்கும் பொத்தான் வந்திருக்கிறது. கழற்றி வைத்த மானிட்டரில் மாட்டிக்கொண்டதைத் துடைக்க அது உதவும். ஆனால் ஒன்றை மட்டும் நீக்க வேண்டும் என்றால் நீங்களே தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆள் எத்தனை என்று எழுதிவிட்டு முகவரியை விட்டுவிட்ட கணக்கெடுப்பு மாதிரி.

தேடுவது ஏன் கடினம் என்றால், டெஸ்க்டாப் என்று நாம் ஒன்றாக நினைப்பது உள்ளே பலவாக இருக்கிறது. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி விட்ஜெட் தொகுப்பு. 'ஆக்டிவிட்டி' (வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் தனித்தனி டெஸ்க்டாப் சூழல்) பயன்படுத்துபவர்களுக்கு ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் இன்னொரு தொகுப்பு. ஆக்டிவிட்டி மாறினால் விட்ஜெட்டுகள் மாயமானதுபோல் தெரியும், உண்மையில் எதுவும் அழியவில்லை. இடங்களும் திரைத் தெளிவுத்திறன் வாரியாகச் சேமிக்கப்படுகின்றன. புரொஜெக்டரில் மாட்டும்போது குலைந்துபோன அடுக்கு, பழைய தெளிவுத்திறனுக்குத் திரும்பினால் பெரும்பாலும் தானாகத் திரும்பும். அவசரப்பட்டு புரொஜெக்டரில் இருக்கும்போதே அடுக்க வேண்டாம். மானிட்டர்களுக்கு இடையே பேனலை மாற்ற, எடிட் மோடிலேயே டெஸ்க்டாப்புகளையும் பேனல்களையும் காட்டும் தனி ஜன்னல் இருக்கிறது. அதே ஜன்னல் விட்ஜெட்டுகளையும் வரிசையிட்டுக் காட்டியிருந்தால் மேலே சொன்ன குறையில் பாதி தீர்ந்திருக்கும்.

'நீக்கு' என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். டெஸ்க்டாப்பில் உள்ள ஒன்றை நீக்கினால் அந்தப் பிரதி மட்டும் போகும். உடனே ஓர் அறிவிப்பு வந்து, அது நிற்கும் சிறிது நேரத்துக்குள் மீட்டெடுக்கவும் விடும். பட்டியலில் உள்ள குப்பைத்தொட்டிப் படமோ, நீங்கள் தனியாகத் தரவிறக்கிய விட்ஜெட்டைக் கணினியிலிருந்தே அகற்றுவதற்கானது. கூடவே வந்தவற்றுக்கு அந்தப் படம் வராது. இரண்டும் வேறு வேலை என்பதை வடிவமைப்பு இன்னும் அழுத்தமாகக் காட்ட வேண்டும்.

பூட்டு போனதில் ஒரு நட்டம் உண்டு. பள்ளிக் கணினிக் கூடத்திலோ, பலர் கை வைக்கும் பொதுக் கணினியிலோ, யார் வேண்டுமானாலும் எடிட் மோடுக்குள் போய்ப் பேனலையே அழித்துவிடலாம். பயனர் எதையெல்லாம் மாற்றலாம் என்று வரம்பு கட்டும் கியோஸ்க் கட்டுப்பாடுகள் மூலம் தடுக்க முடியும், ஆனால் அதற்கு அமைவுக் கோப்பைக் கையால் எழுத வேண்டும். நிர்வாகிக்குச் சரி. வீட்டில் குழந்தையிடம் மடிக்கணினியைக் கொடுப்பவருக்கு மெனுவில் ஒரு வரி இருந்தால் போதும், அது இல்லை.

வெளியிலிருந்து புதிய விட்ஜெட் இறக்கும் வசதி பட்டியலிலேயே இருக்கிறது. கேடிஇ ஸ்டோரிலிருந்து நேரடியாகவும் எடுக்கலாம், தரவிறக்கி வைத்த கோப்பிலிருந்தும் நிறுவலாம். பிளாஸ்மா 5-க்கு எழுதிய விட்ஜெட் 6-இல் ஓடாது: உள்ளே இருக்கும் விவரக் கோப்பில் குறைந்தபட்சப் பதிப்பு 6 என்று எழுதியிருக்க வேண்டும், நிரலின் அடிப்படைக் கூறும் மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் விட்ஜெட் இருக்க வேண்டிய இடத்தில் 'பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது' என்ற பொருளில் செய்திதான் நிற்கும். எழுதியவர் புதுப்பிக்காதவரை அதைச் சரிசெய்ய அமைப்புகளில் எதுவும் கிடையாது.

இதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. விட்ஜெட் என்பது படம் அல்ல, நிரல். உங்கள் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது, அதைச் சுற்றி வேலி கிடையாது. 2024 மார்ச்சில் ஸ்டோரிலிருந்து நிறுவிய ஒரு குளோபல் தீம் (டெஸ்க்டாப்பின் முழுத் தோற்றத்தையும் மாற்றும் தொகுப்பு) ஒருவருடைய கோப்புகளையே அழித்துவிட்ட சம்பவத்துக்குப் பிறகு, பயனர் பதிவேற்றும் உள்ளடக்கம் பற்றிக் கேடிஇ எச்சரித்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-இன் கேட்ஜெட்டுகளை 2012-இல் இதே காரணத்துக்காகத்தான் கைவிட்டது: பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டு, மொத்தமாக முடக்கும் கருவியையும் கொடுத்தது. கணிசமான பேர் பயன்படுத்தி, அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருக்கும் விட்ஜெட்டை மட்டும் எடுங்கள். இன்னொன்று: விட்ஜெட்டுகள் எல்லாம் பேனலை வரையும் அதே செயல்முறைக்குள் ஓடுகின்றன. மோசமாக எழுதிய ஒன்று சிக்கிக்கொண்டால் பேனலும் சேர்ந்து உறையும். புதிதாக எதையாவது சேர்த்தபின் பேனல் இழுத்தால் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும்.

ஆப்பிள் 2023-இல் மேக்ஓஎஸ் சோனோமாவில் டெஸ்க்டாப்புக்கு விட்ஜெட்டைக் கொண்டுவந்தது. ரைட் கிளிக் செய்தால் கீழே அரங்கு விரிகிறது, கிளிக் செய்தால் அடுத்த காலி இடத்தில் தானாக அமர்கிறது, அளவுகள் முன்பே முடிவானவை. ஒழுங்கு அங்கே அதிகம், சுதந்திரம் குறைவு. கடிகாரத்தைச் சாய்த்து வைக்கப் பிளாஸ்மா விடுகிறது. ஏன் சாய்க்க வேண்டும் என்று அது கேட்பதில்லை.

பெரிய மாற்றம் எதையும் செய்யும் முன், முகப்புக் கோப்புறையில் மறைந்திருக்கும் கான்ஃபிக் (.config) கோப்புறைக்குள் 'ஆப்லெட்ஸ்ஆர்சி' (appletsrc) என்று முடியும் கோப்பைப் படியெடுத்து வையுங்கள். பேனல், விட்ஜெட், அவற்றின் இடம், ஒவ்வொன்றின் அமைப்பு எல்லாம் அந்த ஒரே உரைக் கோப்பில்தான் இருக்கின்றன. திரும்பப் போடும்போது டெஸ்க்டாப்பிலிருந்து வெளியேறி, உரைமுனையத்தில் (எழுத்துக் கட்டளைகள் மட்டும் உள்ள திரையில்) நுழைந்து போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் வெளியேறும் நேரத்தில் பிளாஸ்மா தன் நினைவில் உள்ளதை அதன்மேல் எழுதிவிடும்.