பிழை ஓரிடம், அலறல் வேறிடம்: ஆண்ட்ராய்டுக்குக் கம்பைல் செய்ய மூன்று வழிகள்

சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி, ஆண்ட்ராய்டில் ஓடவைக்க, அதற்கென்றே கூகுள் தரும் கருவித்தொகுப்பான என்டிகேயை எடுக்கலாம். கம்பைலர் கட்டும் கருவியான கிராஸ்டூல்-என்ஜியை வைத்து, கணினியில் ஓடிக் கைபேசிக்கான நிரலைத் தரும் ஜிசிசி கிராஸ் கம்பைலரை நாமே கட்டலாம். லினக்ஸ் முனையம் தரும் டெர்மக்ஸ் செயலியை நிறுவிக் கைபேசியிலேயே கம்பைல் செய்யலாம். மூன்றும் என்றாவது உடையும். உடைந்த இடத்துக்கும் பிழைச்செய்தி தலைகாட்டும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? நான் அதை வைத்துத்தான் இவற்றை அளக்கிறேன்.

சொந்தமாகக் கட்டும் வழியில் அந்தத் தூரம் பயங்கரம். முதலில் அரைகுறை ஜிசிசி, பிறகு சி நூலகம், அதன்பின் முழு ஜிசிசி என்று கட்டடம் எழும்புகிறது. அடித்தளத்தில் விட்ட கோளாறு மாடியில்தான் விரிசலாகத் தெரியும். எல்லாம் சரியாக முடிந்தாலும் நிம்மதி இல்லை. லினக்ஸ் கணினிகளின் வழக்கமான சி நூலகமான கிளிப்சியோடு இணைத்த நிரலைக் கைபேசிக்கு நகலெடுத்து இயக்கினால், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வரும். கோப்போ கண்ணெதிரே கிடக்கும்! உண்மையில் காணாமல் போனது நிரல் அல்ல, அது தேடும் கிளிப்சியின் டைனமிக் லிங்கர், அதாவது ஓடத் தொடங்கும்போது நூலகங்களை நிரலோடு இணைப்பது. ஆண்ட்ராய்டின் சி நூலகம் பயோனிக், லிங்கரும் வேறு. நூலகத்தையும் நிரலுக்குள்ளேயே அடக்கி ஸ்டாட்டிக்காக இணைத்தால் இது தீரும். ஆனால் டிஎன்எஸ் அமைப்புக் கோப்பு வழக்கமான இடத்தில் இல்லாததால் இணையப் பெயர்களைத் தேடும்போது இடறும்.

என்டிகேயில் செய்தி பெரும்பாலும் பிழைக்கு அருகிலேயே விழுகிறது. அங்கே தொல்லை பழைய வழிகாட்டிகள்தான். 2018இல் வந்த 18ஆம் வெளியீட்டிலேயே ஜிசிசி நீக்கப்பட்டது. 2021இன் 23ஆம் வெளியீட்டில் அதன் துணை நூலகமான லிப்ஜிசிசியும் போனது. அதைக் கேட்கும் ஸ்கிரிப்ட், கட்டும்போதே இணைக்கும் லிங்கரிடம் முட்டி நிற்கும். 'பித்ரெட் நூலகம் கிடைக்கவில்லை' என்றால் தேடி அலைய வேண்டாம்: பயோனிக்கில் இழைகளுக்கான (த்ரெட்) அந்த நூலகம் சி நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது, அந்த இணைப்பு விருப்பத்தை எடுத்துவிட்டால் போதும். எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் செயற்கூறுகள் இல்லை என்றால், எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்குக் கட்டுகிறீர்கள் என்று சொல்லும் ஏபிஐ எண்ணைப் பாருங்கள். அவை 28இல்தான் வந்தன. கட்டுவதற்கு முன் சூழலைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் அதன் லாக் கோப்பைக் கடைசி வரியிலிருந்து படிக்காதீர்கள். வால் முழுக்க மாறிகளின் பட்டியல். உண்மையான பிழை அதற்கு வெகு மேலே இருக்கும்.

டெர்மக்ஸில் கட்டும் இடமும் ஓடும் இடமும் ஒன்று என்பதால் பாதிக் குழப்பம் பிறப்பதே இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் பிறப்பிக்கும் துணைச் செயல்முறைகள் மொத்தம் 32ஐத் தாண்டினால் மிகுந்தவற்றை ஆண்ட்ராய்டே கொன்றுவிடும். கட்டும் வேலையை நடத்தும் மேக் கருவியை ஒரே நேரத்தில் ஏகப்பட்ட இணைப்பணிகளோடு ஓட்டினால், பிழைவரி ஒன்றுகூட இல்லாமல், உடனே கொல்லும் கட்டளையான சிக்னல் 9 வந்து எல்லாம் அடங்கிவிடும்.

செயலிக்கு என்றால் என்டிகேயையே எடுப்பேன். அது முரண்டு பிடித்தால் அதே மூலநிரலை டெர்மக்ஸில் ஒருமுறை கட்டிப் பார்ப்பேன். இரண்டுக்கும் அடியில் இருப்பது பயோனிக்தான். அங்கே கட்டப்பட்டுவிட்டால், நிரலை விட்டுவிட்டுக் கிராஸ் அமைப்புகளை நோண்டத் தொடங்குவேன். கிராஸ்டூல்-என்ஜியை ஆண்ட்ராய்டு அல்லாத லினக்ஸ் கைபேசிகளுக்கு மட்டும் எடுத்துவைத்திருக்கிறேன்.