உளுந்து பறித்த பிறகு எந்தக் கடற்கரை? வேன் பயணத்துக்கு மூன்று நாடுகள்

பொறையாரில் எங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடி கடற்கரைக்கு வண்டியில் பத்து நிமிஷம்கூட ஆகாது. பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்தவன், லட்சக்கணக்கில் செலவழித்து வெளிநாடு போய் அங்கேயும் கடலைத்தான் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்தது. ஆனால் போன மாதம் செம்பனார்கோவிலிலிருந்து மச்சான் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "அத்தான், நாங்களும் ஒரு தடவை அந்த மாதிரி வேன் எடுத்துக்கிட்டுப் போகலாம்னு பார்க்கிறோம். எந்த நாடு நல்லது?" என்று கேட்டான்.

நானும் வீட்டுக்காரியும் கேம்பர்வேனில் சுற்றிய நாடுகள் மூன்று. கோவிடுக்கு முன்னால் நியூசிலாந்து, பிறகு போர்ச்சுகல், கடைசியாக டென்மார்க். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஒரு மூலையில் கழிப்பறை. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். பிடித்த இடத்தில் இரண்டு நாள், பிடிக்காவிட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

கடற்கரை அழகை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுக்காதே என்றுதான் அவனிடம் முதலில் சொன்னேன். மூன்றும் அழகுதான். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தித் தூங்குவது என்பதில்தான் இந்தப் பயணத்தின் சுகமும் தொல்லையும் இருக்கிறது. இன்னொரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, மச்சான்தான் கிளப்பினான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டென்மார்க்

கடைசியாகப் போன நாட்டை முதலில் சொல்லக் காரணம் பாசம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள், 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அந்தக் கோட்டைச் சுவரில் ஏறி விளையாடிய எனக்கு, அவர்கள் ஊர்க் கடல் எப்படி இருக்கும் என்று ஐம்பது வருஷ ஆசை.

போய்ப் பார்த்தால் நம் ஊர் மாதிரியே தட்டை! டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான ஜட்லாந்தின் மேற்குக் கரையில் பாறை, மலை எதுவும் கிடையாது. மணல், அதற்குப் பின்னால் புல் முளைத்த மணல்மேடு, அதற்கும் பின்னால் வயல். பழையாறிலிருந்து தெற்கே நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி, வெயிலை மட்டும் கழித்துவிட வேண்டும். வடகோடியில் ஸ்கேகன் ஊருக்கு அப்பால் கிரேனன் என்றொரு மணல் முனை. இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கடல்கள் வந்து ஒன்றின் மேல் ஒன்று அலை அடித்துக்கொள்கின்றன. ஒரு காலை இந்தக் கடலிலும் மறு காலை அந்தக் கடலிலும் வைத்து நின்றுகொண்டு, "இதுக்கு நம்ம கோடியக்கரைக்கே போயிருக்கலாம்" என்றாள் வீட்டுக்காரி. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் இடத்தை அவள் நினைத்தது சரிதான். கோடியக்கரையில் இப்படி ஆள் கூட்டம் இருக்காது, அவ்வளவுதான்.

எனக்கு மனதில் நின்றது வேறு. அந்தக் கரையில் கடலும் மணலும் சேர்ந்து ஊரைத் தின்கின்றன. ஸ்கேகனுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தை மணல் மூடிக்கொண்டே வந்ததால் 1795-இல் கைவிட்டார்கள். இன்று கோபுரம் மட்டும் மணலுக்கு வெளியே நிற்கிறது. கொஞ்சம் தெற்கே வந்தால் ரூப்யர் க்னூட கலங்கரை விளக்கம், 1900-இல் கட்டியது. கடல் அரித்து அரித்து விளிம்புக்கே வந்துவிட்டதால், 2019 அக்டோபரில் கோபுரத்தை அப்படியே தூக்கி, தண்டவாளம் போட்டு, சுமார் 70 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். பக்கத்திலிருந்த மோருப் தேவாலயத்துக்கு அந்த யோகம் இல்லை. விழுவதற்கு முன் அவர்களே பிரித்தெடுத்துவிட்டார்கள். அங்கே நின்றபோது தரங்கம்பாடி மாசிலாமணிநாதர்தான் கண்ணுக்குள் வந்தார். 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர்கள் விளக்கைத் தூக்கி வைத்தார்கள், நாம் கல்லைக் கொட்டி அலையைத் தடுத்தோம்.

சரி, வேனுக்கு வருவோம். டென்மார்க்கில் சில கடற்கரைகளில் மணல் மேலேயே வண்டி ஓட்டலாம். ரோமோ தீவிலும், ப்ளோக்குஸுக்கும் லொக்கனுக்கும் நடுவிலும் அது சட்டப்படி அனுமதி உள்ள விஷயம். கெட்டியான மணலில் தண்ணீர் ஓரமாக ஓட்டிப் போய்ச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பது ஒரு தனி சுகம். நான் ஆசைப்பட்டு ஈரம் காயாத இடத்தை விட்டுக் காய்ந்த மணலுக்குள் திருப்பினேன். பின் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. அந்த வழியாக டிராக்டரில் வந்த ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் கயிறு கட்டி இழுத்துவிட்டுப் போனார். சேற்றில் மாட்டிய டிராக்டரை ஊரில் நான் எத்தனை தடவை தள்ளியிருப்பேன்!

ஆனால் பகலில் ஓட்டலாமே தவிர, ராத்திரி அந்த மணலில் தங்கக் கூடாது. சாலையோரத்தில் ஓய்வெடுக்கலாம், நாற்காலி போட்டுக் குடித்தனம் நடத்தக் கூடாது. அதனால் தினமும் காசு கட்டும் முகாம்தான். முகாம்களுக்குப் பஞ்சமில்லை, சுத்தமும் அப்படி, விலையும் அப்படி. ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. காற்று மட்டும் நிற்கவே நிற்காது.

நியூசிலாந்து

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முக்கியக் காரணம், அங்கே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். கியர், கண்ணாடி, முந்துவது எல்லாம் நம் கைப்பழக்கத்திலேயே போகும். ஐரோப்பாவில் வலது பக்கம், கியர் வலது கையில். முதல் இரண்டு நாள் கியர் போடப் போய்க் கதவுப் பிடியைத்தான் பிடித்தேன்.

தெற்குத் தீவின் அடிமுனையில் கேட்லின்ஸ் என்ற பகுதி. அங்கே கூரியோ விரிகுடாவில் நீர் வற்றும் நேரத்தில் கல்லாகிப்போன காடு ஒன்று வெளியே தெரிகிறது. ஜுராசிக் காலத்து மரங்களின் அடிக்கட்டைகள், வளையத்தோடு அப்படியே கல்லாகக் கிடக்கின்றன. சாயங்காலம் மஞ்சள் கண் பென்குயின் கடலிலிருந்து ஏறி அதே கல்மரங்கள் மேல் தத்தித் தத்திப் போனது. இதற்கு இணையாக மற்ற இரண்டு நாட்டிலும் நான் எதையும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வடக்கே மொயராக்கியில் கடலோரத்தில் உருண்டையான பாறைகள், யாரோ பெரிய கொழுக்கட்டை பிடித்துக் காய வைத்த மாதிரி.

சாலையில் ஒரு வண்டி மட்டும் போகும் பாலங்கள் நிறைய. நம் வாய்க்கால் பாலங்களில் முதலில் விளக்கைப் போட்டவன் போவான். அங்கே பலகையில் சிவப்பு அம்பு நம் பக்கம் இருந்தால் நாம்தான் நிற்க வேண்டும்.

தங்குவதற்கு மூன்றில் தாராளம் நியூசிலாந்துதான். இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் எளிய முகாம்களில் வண்டி போகக்கூடியவை மட்டும் 200-க்கும் மேல், பல கடலோரத்திலேயே. ஆனால் முகாமுக்கு வெளியே, பொது இடத்தில் இலவசமாகத் தங்க விதிகள் உண்டு, உள்ளாட்சிக்கு உள்ளாட்சி அவை மாறும். நாங்கள் போனபோது தூக்கி வைக்கும் கழிப்பறையே போதுமானதாக இருந்தது. 2023-இல் வந்த சட்டம் வண்டியோடு பொருத்திய கழிப்பறை வேண்டும் என்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது, அதற்குச் சான்றாகக் கண்ணாடியில் பச்சை அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. மேற்குக் கரையில் மணல் ஈ கடிக்கும். நம் கொசு அதற்கு முன்னால் பரமசாது. விமானச் செலவு கை கடிக்கும். இறங்கியதும் சாப்பாட்டுப் பொருளைச் சொல்லாமல் மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். வயலில் போட்ட செருப்பு, பூட்ஸில் மண் ஒட்டியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். விவசாயி வீட்டில் மண் ஒட்டாத செருப்புக்கு எங்கே போவது?

போர்ச்சுகல்

தெற்கே அல்கார்வ் பக்கம் கூட்டம், ஹோட்டல், படகுச் சவாரி. அதைத் தாண்டி மேற்கே திரும்பினால் அலென்டேஜு கரை. நான் சொல்வது அந்தக் கரையைத்தான். வாஸ்கோ ட காமா பிறந்த சினெஸ் அங்கேதான் இருக்கிறது. 1658-இல் டச்சுக்காரரிடம் இழக்கும்வரை நாகப்பட்டினத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் சொந்தக் கடல்.

டெல்டாக்காரனுக்கு அங்கே பிடிப்பது ஆற்று முகங்கள். மில்ஃபோன்டெஷ் ஊரில் மீரா ஆறு கடலில் விழுகிறது. அல்கார்வ் எல்லையைத் தொட்ட ஓடசெய்ஷில் ஒரு சின்ன ஆறு மணலை வளைத்துக்கொண்டு போய்ச் சேருகிறது. ஒரு பக்கம் உறைய வைக்கும் அலை, மறு பக்கம் முழங்கால் ஆழத்தில் வெதுவெதுப்பான ஆற்றுநீர். நாம் கடலில் நீந்துகிற ஜாதி இல்லையே. ஆடி அமாவாசைக்குப் பூம்புகாரில் ஒரு முழுக்கு, மற்ற நாளில் கால் நனைத்தால் போதும். ஓடசெய்ஷ் நமக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. சர்தாவு முனையில் கடலுக்கு நடுவே நிற்கும் பாறை உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. வயலில் பார்க்கும் பறவை, கீழே அலை அடிக்கிற பாறையில் குஞ்சுக்குத் தீனி கொடுப்பதைப் பார்த்து அரை நாள் அங்கேயே இருந்துவிட்டோம்.

தண்ணீர் சில்லென்று இருக்கும். வடக்கிலிருந்து அடிக்கும் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. மே மாதம் 16, 17 டிகிரி. அதே மாதம் நம் கடல் 30-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் அந்தக் குளிர்நீரோடுதான் மீனுக்கு இரையும் வருகிறது, மத்தி கொழுப்பதும் அதனால்தான். கரியில் சுட்ட மத்தி, கல்லுப்பு, ஒரு துண்டு ரொட்டி. மூன்று நாட்டிலும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது இங்கே மட்டும்தான், பர்சும் கனமாகவே திரும்பியது.

ராத்திரி நிறுத்துவதுதான் தொல்லை. 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, பொதுவாக ஒரு நகராட்சி எல்லையில் 48 மணி நேரம் வரை வண்டியில் தங்கலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கூடாது. நான் புகழும் கரையில் பெரும்பகுதி இயற்கைப் பூங்காவுக்குள் இருக்கிறது! "ஒரு ராத்திரிதானே" என்று பாறை மேட்டில் நிறுத்தினேன். பதினொரு மணிக்குக் காவலர்கள் கதவைத் தட்டி மரியாதையாகக் கிளப்பிவிட்டார்கள். அரைத் தூக்கத்தில், வலது பக்கச் சாலையில், முகாம் தேடி ஓட்டிய அந்த இருபது கிலோமீட்டருக்காக வீட்டுக்காரி இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. முகாம்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டால் இந்தக் கஷ்டம் இல்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, எங்களுக்கு முன்னாலேயே இருந்த ஒரு கீறலுக்கு முன்பணத்தில் பிடித்தார்கள். எந்த நாடானாலும் சாவி வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

மச்சானின் கணக்கு

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சான், "நீங்க எதுக்கு ஓட்டு போடுவீங்க அத்தான்?" என்றான்.

எனக்கு டென்மார்க், உனக்கு நியூசிலாந்து என்றேன். வலது பக்கம் ஓட்டிப் பழகாதவன், முதல் தடவை, ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாம்.

"எந்த மாசம்?"

டென்மார்க்குக்கு ஜூன் முதல் ஆகஸ்ட். நியூசிலாந்தில் டிசம்பர் முதல் மார்ச், அவர்களுக்கு அதுதான் கோடை. போர்ச்சுகல் மே, இல்லாவிட்டால் செப்டம்பர்.

அவன் விரல் விட்டு எண்ணினான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை, ஆகஸ்ட் வரை நகர முடியாது. டென்மார்க் போயிற்று. செப்டம்பரில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றாக நிற்கும். டிசம்பரில் மழையும் புயலும், ஊரை விட்டுப் போக மனசு வராது. தை, மாசியில் சம்பா அறுப்பு. "மார்ச்சில் வரலாமே" என்றேன். "தாளடியில தெளிச்ச உளுந்தை யார் பறிப்பா? அது முடிய ஏப்ரல் ஆயிடும்."

ஆக மிஞ்சுவது மே. அப்போது நியூசிலாந்தில் குளிர்காலம் கதவைத் தட்டும். போர்ச்சுகலில் பூ பூக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது. நான் அரை மணி நேரம் அலசியதை ஒரு உளுந்துச் செடி முடித்துவைத்துவிட்டது.

அதன் பிறகு பேச்சு பயண ஏற்பாட்டைப் பற்றியே போனது. போர்ச்சுகலுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் ஒரு வருஷம் செல்லும். 3,500 கிலோவுக்குள் உள்ள வண்டியாக எடு, முதல் நாள் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கி ஞாயிறு காலை காலியான சாலையில் பழகு என்றேன்.

சமையல் சாமான் என்று வந்ததும் வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். ஐரோப்பாவுக்குள் பாலில் செய்தது, கறி எதுவும் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம் தடையில்லை. மீன் வகை ஓரளவுக்குள் போகும்.

"அப்போ கருவாடு?" என்றான் மச்சான்.

"நாகப்பட்டினத்துல நான் வாங்கித் தர்றேன், மூணு பை போட்டுக் கட்டு" என்றாள் அக்கா. "நெய் டப்பாவை மட்டும் இங்கேயே வச்சிட்டுப் போ."