தூப வாசனை சென்ட்டுகள்: ஓசூர் குளிரிலும் தர்மபுரி வெயிலிலும்

தூப வாசனை உள்ள சென்ட்டுகளைச் சில வருடங்களாக வேலைக்கும் விசேஷங்களுக்கும் போட்டு வருகிறேன். குடியிருப்பது கிருஷ்ணகிரி, வேலை ஓசூரில், மாமனார் வீடு தர்மபுரி. ஒரே சென்ட் இந்த மூன்று ஊரிலும் ஒரே மாதிரி மணப்பதில்லை. இணையத்தில் வரும் விமர்சனங்கள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. நம் பக்கத்து ஆண்கள் அதை நம்பிக் காசைப் போடுவதற்கு முன் இதையும் படித்துவிடுங்கள்.

வீட்டில் தணலில் தூவும் சாம்பிராணி, பென்சாயின் என்ற மரப்பிசின். சுமத்ரா, லாவோஸ் பக்கம் கிடைப்பது. வெனிலா சாயலில் ஓர் இனிப்பு இருக்கும். (இப்போது கடைகளில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் சென்ட்டும்தான் தூக்கல், அதை வைத்துச் சாம்பிராணியை எடைபோடக் கூடாது.) சென்ட் பாட்டிலில் ‘இன்சென்ஸ்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது குந்திரிக்கம். ஓமானின் தோஃபார், சோமாலியா மலைகளில் வளரும் போஸ்வெல்லியா மரத்தின் பட்டையைச் சீவிவிட்டால் பால் போல வடிந்து இறுகுகிற பிசின் அது. தோஃபாரில் அந்த மரங்கள் இருக்கும் பள்ளத்தாக்கையும் பழைய வணிகத் தலங்களையும் யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

குந்திரிக்கக் கட்டி ஒன்றை நசுக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோல், மிளகு, கொஞ்சம் பைன் மரம். புகை வாசமே இருக்காது. சென்ட்டில் சேர்வது நெருப்பில் போடாத இந்தப் பிசினின் எண்ணெய்தான். புகையும் மண்ணும் கலந்த அடிவாசத்துக்குப் பல இடங்களில் நாகர்மோத்தா எண்ணெயோ வெட்டிவேரோ சேர்ப்பார்கள். நாகர்மோத்தா நம் நலங்கு மாவில் போடும் கோரைக்கிழங்கின் இனம். அதனால்தான் நம் மூக்குக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது.

நான் அதிகம் போட்டது ஜப்பானின் கோம் தே கார்சோன் கம்பெனியின் ‘அவிஞ்ஞோன்’. ஐந்து சமய மரபுகளின் தூபத்தை வைத்து அவர்கள் 2002-இல் போட்ட வரிசையில் இது கத்தோலிக்கக் கோயிலுக்கானது. செய்தவர் பெர்த்ரான் துஷோஃபூர். எலத்தகிரி மாதிரி பழைய கிறிஸ்தவ ஊரில் பெரிய பூசைக்குப் போனவர்களுக்குத் தூபக்கலசம் தங்களைக் கடக்கும்போது வருகிற அந்த உலர்ந்த, லேசாகக் கசக்கும் வாசம் தெரியும். அதேதான். இனிப்பு துளியும் இல்லை. அதே வரிசையில் ‘கியோட்டோ’வும் துஷோஃபூர் செய்தது, சைப்ரஸ் மரம், காபி, வெட்டிவேர் கலந்து அடக்கமாக இருக்கும். ஆபீசுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஓமான் நாட்டு அமுவாஜின் ‘ஜூபிலேஷன் XXV’ (2007) கனமானது. தேன், பழம், குந்திரிக்கம் எல்லாம் அடர்த்தியாக வரும். தை மாத ரிசப்ஷனுக்கு ராத்திரியில் அருமை, வைகாசி முகூர்த்தத்துக்கு வேண்டவே வேண்டாம். முழு பாட்டில் விலை நம் கைக்கு எட்டாது. பெங்களூரில் 5, 10 மில்லியாகப் பிரித்து விற்பவர்களிடம்தான் வாங்குகிறேன்.

அவ்வளவு செலவு செய்யாதவர்களுக்கு அத்தர் இருக்கிறது. பள்ளிவாசல் பக்கத்து அத்தர் கடைகளில் சாம்பிராணி வாசமுள்ள லோபான் அத்தர் கேட்டால் தருவார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பழைய முறையில் வடிக்கும் அத்தர் சந்தன எண்ணெயில் இறங்கும். இன்று சந்தன எண்ணெய் விற்கும் விலையில் மலிவு அத்தரில் அது இருக்க வழியில்லை. நான் வாங்கும் கடை பாய் அதை மறைப்பதில்லை: “இதுல சந்தனம் இல்ல தம்பி, வெறும் ஆயில்தான். வாசம் பிடிச்சா எடுத்துக்குங்க.” காதுமடலுக்குப் பின்னால் ஒரு தொடல் போதும். வெள்ளைச் சட்டையில், வேட்டியில் படக் கூடாது. மஞ்சள் கறை போகாது.

நம் ஊரில் தூப வாசனை போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ரோஜாவும் ஊதுபத்தியும் கலந்த ஓர் அரபு சென்ட்டைப் போட்டுக்கொண்டு தர்மபுரிக்குப் போனபோது, மனைவியின் பெரியம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். “என்னங்க மாப்ள, எழவு வீட்டுக்கு ஏதும் போயிட்டு வர்றீங்களா?” பின்கட்டில் தண்ணீர் எடுத்து வைக்கவும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரோஜா மாலை, கட்டு கட்டாக ஊதுபத்தி, அதோடு மனிதர்களின் வியர்வை: இந்தச் சேர்க்கையை நாம் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முகர்ந்திருக்கிறோம். குந்திரிக்கத்தோடு ரோஜா, மல்லிகை சேர்ந்தவற்றை அதன்பிறகு நான் ஊரில் போடுவதில்லை. மிளகு, மரம், வெட்டிவேர் சேர்ந்தவற்றைப் போட்டால் “கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். அதை யார் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஓசூர் 850 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் காலையில் போட்ட கியோட்டோ சாயங்காலம் கம்பெனி பஸ் சூளகிரி தாண்டும்போதும் காலர் ஓரத்தில் தெரியும். சித்திரையில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அதே சென்ட் வேறு ஆளாகிவிடுகிறது. மேலே இருக்கும் எலுமிச்சை, மிளகு எல்லாம் சட்டென்று பறந்துவிட, அடியில் உள்ள பிசின் மட்டும் சூட்டில் திமிறிக்கொண்டு வரும். வெயில் காலத்தில் தோலில் அடிக்காமல், பனியனில் ஒரே ஒரு தடவை அடித்து, காய்ந்தபின் மேலே சட்டை போடுகிறேன். வியர்வையோடு கலக்காமல் இருந்தால் வாசம் கெடுவதில்லை.

பீரோவில் பாச்சை உருண்டை போடுகிறவர்கள் ஒன்று அதை விட வேண்டும், இல்லையென்றால் இந்தச் சென்ட்டை விட வேண்டும். நாஃப்தலின் ஏறிய சட்டையில் குந்திரிக்கம் பட்டால் மருந்துக்கடை வாசம்தான் வரும். எங்கள் வீட்டில் இப்போது காய்ந்த வேப்பிலையும் வெட்டிவேரும்தான்.

பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். குந்திரிக்கத்தில் உள்ள லிமோனீன் (எலுமிச்சைத் தோலிலும் இருக்கும் வாசப்பொருள்) காற்றும் சூடும் பட்டுப் பழசானால் வாசம் மந்தமாவதோடு சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். பெரிய பாட்டில் வாங்கி வருடக்கணக்கில் வைப்பதைவிடச் சின்னதாக வாங்கித் தீர்ப்பது நல்லது. ஏசி பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் நான் போடுவதே இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 3 மில்லி லோபான் அத்தரில் தொடங்குங்கள். வாங்கியதும் வீட்டில் வயதானவர் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் கியோட்டோவின் 5 மில்லிக்குத் தாராளமாகப் போகலாம்.